ஊர்சுற்றியின் கண்: ஜெரோமின் 'பும்மல்' பயணமும் டான்யூப் பள்ளத்தாக்கும்

ஜெரோம் கே. ஜெரோம் என்று சொன்னால் எல்லோருக்கும் ஒரே புத்தகம்தான் ஞாபகம் வரும். 1889இல் வந்த 'த்ரீ மென் இன் எ போட்'. மூன்று நண்பர்கள், ஒரு நாய், தேம்ஸ் நதி. பதினோரு வருடம் கழித்து, 1900இல், அதே மூன்று பேரை வைத்து அவர் இன்னொரு புத்தகம் எழுதினார். 'த்ரீ மென் ஆன் த பும்மல்'. படகுக்குப் பதில் சைக்கிள், தேம்ஸுக்குப் பதில் ஜெர்மனி, நாய் கிடையாது. இந்த இரண்டாவது புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஒரே தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள்: முதலாவது அளவுக்கு இல்லை. காரணமும் கையில் தயாராக வைத்திருக்கிறார்கள். முதல் புத்தகத்தில் ஆறு இருந்தது. கதை எத்தனை கிளை பிரிந்து ஓடினாலும் ஆறு அதைத் திரும்பத் தன் போக்கில் இழுத்துக்கொண்டது. இரண்டாவதில் அப்படி இழுத்துப் பிடிக்க ஒன்றும் இல்லை, அதனால் சிதறிவிட்டது என்பார்கள்.

சிதறல் உண்மைதான். பதினான்கு அத்தியாயம் உள்ள புத்தகத்தில் ஆட்கள் வீட்டை விட்டுக் கிளம்பவே முதல் சில அத்தியாயங்கள் போய்விடுகின்றன. ஹாரிஸும் கதைசொல்லியும் மனைவிகளிடம் எப்படி அனுமதி வாங்குவது என்று திட்டம் போடுகிறார்கள். கல்யாணம் ஆகாத ஜார்ஜ் யோசனை சொல்கிறான். பிறகு கப்பலில் ஹாம்பர்க், அங்கிருந்து ஹனோவர், பெர்லின், ட்ரெஸ்டன், ப்ராக், நியூரம்பர்க், ஸ்டுட்கார்ட், கடைசியில் கருங்காட்டு மலைகள். ஊர்கள் ரயில் ஜன்னலில் போவதுபோலப் போகின்றன. சைக்கிள் பயணப் புத்தகம் என்று நம்பி வாங்கியவர் பாதிப் புத்தகம் தாண்டியும் சைக்கிளைத் தேடிக்கொண்டிருப்பார்.

ஆனால் சைக்கிள் வரும் இடங்களில் ஜெரோமை அடித்துக்கொள்ள ஆளில்லை. நல்லா ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை 'கொஞ்சம் பார்க்கிறேன்' என்று வாங்கி, பால்ரஸை எல்லாம் தரையில் கொட்டி, செயினோடு மல்லுக்கட்டி, கடைசியில் வண்டியையே ஊனமாக்கித் தரும் ஒரு நண்பர் வருகிறார். சைக்கிள் வைத்திருந்த யாருக்கும் இந்த நண்பரைத் தெரியும். சைக்கிள் விளம்பரப் படங்களைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் படங்களில் யாரும் பெடலை மிதிப்பதே இல்லை, வண்டி தானாகப் போகிறது, மேலே உட்கார்ந்திருப்பவர் மேகத்தில் மிதக்கிறார் என்று கிண்டல் செய்கிறார். ஹாலந்தில் இரட்டைச் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி விழுந்துவிட்டது தெரியாமலேயே ஹாரிஸ் மைல்கணக்கில் ஓட்டிக்கொண்டு போன கதையும் இங்கேதான் இருக்கிறது. 1880களின் நடுவில் இன்றைய உருவத்தில் சைக்கிள் வந்து, 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயரும் சேர்ந்து, ஐரோப்பாவின் நடுத்தர வர்க்கம் முழுக்கச் சைக்கிளில் ஏறியிருந்த காலம். அந்தப் புது மோகத்தின் அபத்தத்தை இவ்வளவு பிரியத்தோடு எழுதியவர் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

'பும்மல்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று புத்தகத்தின் கடைசியில்தான் சொல்கிறார். நீளமானதோ குறுகியதோ, போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்றில்லாத பயணம்; குறித்த நேரத்துக்குள் கிளம்பிய இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற ஒரே நிபந்தனை மட்டும் உண்டு. இதை விளக்க ஆங்கிலத்தில் அவருக்கு ஒரு பத்தி தேவைப்பட்டது. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 'எங்க போயிட்டு வர்ற?' 'சும்மாதான்.' அவ்வளவுதான் பும்மல்.

இனி ஆற்றுக்கு வருவோம். புத்தகத்தில் ஆறே இல்லை என்பது சரியல்ல. கருங்காட்டுப் பகுதியில் மூவரும் பத்து நாள் சைக்கிள் பயணத்துக்குத் திட்டம் போடுகிறார்கள். அதில் டான்யூப் பள்ளத்தாக்கும் உண்டு. டுட்லிங்கனிலிருந்து சிக்மாரிங்கன் வரையுள்ள அந்தத் துண்டு ஜெர்மனியிலேயே மிக அழகான பள்ளத்தாக்காக இருக்கலாம் என்கிறார் ஜெரோம். பிறகு பழைய கிராமங்கள், மடங்கள், பசும்புல், பாறைகள், இடிந்த கோட்டைகள் என்று ஒரு பட்டியல் போடுகிறார். ஒரே பத்தி. அடுத்து, போட்ட திட்டத்தை அவர்கள் எப்படிச் சரியாக நிறைவேற்றவில்லை என்ற நகைச்சுவைக்குப் போய்விடுகிறார். ஆறு முடிந்தது.

விமர்சகனாக என் முதல் புகார் இந்தப் பத்திமேல்தான். ஜெரோமுக்கு அழகைப் பற்றி எழுதச் சொந்த மொழி கிடையாது. சிரிக்காமல் எழுத நேர்ந்தால் உடனே சுற்றுலாக் கையேட்டின் குரல் வந்துவிடும். 'த்ரீ மென் இன் எ போட்'டிலும் இதே வியாதி உண்டு. நிலாவெளிச்சம், அரசர்கள் காலம் என்று திடீரென்று பூசி மெழுகிய வசனம் வரும். வாசகன் பக்கத்தைத் தள்ளிவிட்டு நாய் எங்கே என்று தேடுவான். டான்யூப் பத்தியும் அந்த ரகம். எந்த மலைப் பள்ளத்தாக்கின் பெயரைப் போட்டாலும் அந்த வரிகள் பொருந்தும்.

அந்தப் பள்ளத்தாக்கில் எழுதுவதற்கு விஷயம் இல்லையா என்றால், ஏராளமாக இருக்கிறது. டுட்லிங்கனுக்குக் கொஞ்சம் முன்னால், இம்மெண்டிங்கன் என்ற ஊரருகே டான்யூப் காணாமல் போகிறது. நிஜமாகவே காணாமல் போகிறது. சுண்ணாம்புப் பாறைத் தரையில் ஓட்டைகள்; அவற்றின் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். கோடையில் பல வாரம் ஆற்றுப்படுகை வெறும் கூழாங்கல்தான். குறுக்கே நடந்து போகலாம். உள்ளே போன தண்ணீர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க 1877இல் பத்து கிலோ சாயத்தையும் டன்கணக்கில் உப்பையும் அங்கே கொட்டினார்கள். சுமார் அறுபது மணி நேரம் கழித்து, தெற்கே 12 கிலோமீட்டர் தள்ளி ஆஹ் என்ற ஊரின் ஊற்றில் தண்ணீர் பச்சையாகப் பொங்கியது. அந்த ஊற்று போடன் ஏரிக்குப் போகிறது; ஏரியிலிருந்து ரைன் நதிக்கு. கருங்கடலுக்குப் போக வேண்டிய டான்யூப் தண்ணீரில் ஒரு பங்கு இப்படி வடகடலுக்குப் போகிறது.

இதை ஜெர்மானியர்கள் சும்மா விடுவார்களா? கேஸ் போட்டார்கள். கீழே இருந்த வூர்ட்டம்பெர்க்கும் பிரஷ்யாவும் ஒரு பக்கம், தண்ணீர் இறங்கும் இடத்தை வைத்திருந்த பாடன் மறுபக்கம். 1927இல் உச்ச அரசியல் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: இயற்கையாகப் போவது போகட்டும், செயற்கையாக யாரும் அதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. காவிரியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியமில்லை. ஒரு நதிக்கு முன்னால் நடத்தைவிதியை வாசித்துக் காட்டும் ஒரு தேசம்: ஜெரோமுக்கென்றே செய்த விஷயம். 1877 பரிசோதனை அவர் போவதற்கு முன்பே நடந்தது. அவர் கண்ணில் படவில்லை.

ஆனால் இதே விஷயத்தின் சாரத்தை அவர் வேறோர் இடத்தில் பிடித்துவிட்டார். என்னைப் பொறுத்தவரை புத்தகத்தின் உச்சம் அந்தப் பகுதிதான். ஒரு சிறு பள்ளத்தாக்கில் ஓர் ஓடை. சலசலவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே வேலையாட்கள் கூட்டமாக வந்து ஓடையை 'ஒழுங்கு' செய்துகொண்டிருக்கிறார்கள். கற்களைப் பொறுக்கி, கரையைச் சிமெண்ட் போட்டு, ஆற்றின்மேல் சாய்ந்த மரங்களை வெட்டி, நேர்வரிசையில் புதிதாக நடுகிறார்கள். இன்னும் ஓரிரு வருடத்தில் இங்கே சீரான பாதை வரும், குறித்த தூரத்துக்கு ஒரு பெஞ்சு வரும், அதைவிட நெருக்கமாகப் போலீஸ் அறிவிப்புப் பலகை வரும், அரை மைலுக்கு ஓர் உணவகம் வரும் என்று ஜெரோம் கணிக்கிறார். ஜெர்மானியனுக்கு இயற்கை பிடிக்கும், ஆனால் அது ஒழுக்கமாக நடந்துகொள்ள வேண்டும்.

இது மிகையல்ல, பொறியியல் வரலாறு. யோஹான் காட்ஃப்ரீட் டுல்லா என்ற பாடன் நாட்டுப் பொறியாளர் 1817இல் ரைன் நதியை நேராக்கும் வேலையைத் தொடங்கினார். அதே 1817இல், அதே பாடனில், மன்ஹைம் நகரத்தில் கார்ல் ட்ரைஸ் என்ற வன அதிகாரி இரண்டு சக்கரத்தை ஒரு கட்டையில் கோத்து, காலால் தரையை உதைத்து ஓட்டிக் காட்டினார். சைக்கிளின் பூர்வீகம் அது. நேராக்கிய ஆறும் சைக்கிளும் ஒரே வருடத்தில் ஒரே சிறு நாட்டில் கிளம்பின. இன்றைக்கு ஜெர்மன் ஆற்றங்கரைச் சைக்கிள் பாதை என்பது இந்த இரண்டும் சேர்ந்து பெற்ற பிள்ளை. ஆறு மெல்ல இறங்குவதால் பாதையில் ஏற்றம் குறைவு. கரை பலப்படுத்தப்பட்டதால் பாதை உறுதி. 1979இல் தொடங்கிய ஜெர்மன் சைக்கிள் சங்கம் நீண்ட பாதைகளுக்கு நட்சத்திர மதிப்பீடே கொடுக்கிறது, ஹோட்டலுக்குக் கொடுப்பதுபோல.

நான் இந்த டான்யூப் துண்டைப் போன கோடையில் ஓட்டினேன். கூட வந்தவர் என்னைவிட இளையவர், மதுரைக்காரர், ஸ்டுட்கார்ட் பக்கம் கார் மென்பொருள் வேலை. ஃப்ரீடிங்கன் தாண்டி ஒரு பிரிவில் அம்புக்குறிப் பலகையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, மேப்பே தேவையில்லண்ணே. ஆத்த தொலைச்சாலும் இவனுங்க போர்ட தொலைக்க மாட்டானுங்க." பாய்ரோனில் பெனடிக்ட் சபையின் பெரிய மடம், வெள்ளைப் பாறைகளுக்கு நடுவே ஆற்றின் வளைவில் உட்கார்ந்திருக்கிறது. பாறை உச்சியில் வில்டன்ஸ்டைன் கோட்டை. இப்போது அது இளைஞர் விடுதி. அரை மைலுக்கு இல்லாவிட்டாலும், பசிக்கும்போதெல்லாம் ஓர் உணவகம் வந்தது. ஜெரோம் கிண்டலடித்த அத்தனையும் எங்கள் வசதிக்காகவே செய்ததுபோல இருந்தது. இப்போது மேல் டான்யூபில் சில இடங்களில் நேராக்கிய ஆற்றை மறுபடி வளைத்து, கரைக்கல்லைப் பெயர்த்து, காட்டாறாக ஆக்கியிருக்கிறார்கள். ஆறு எப்படிக் காட்டுத்தனமாக ஓட வேண்டும் என்பதை விளக்கும் பலகையும் கூடவே உண்டு. ஜெரோம் இருந்திருந்தால் இன்னோர் அத்தியாயம் எழுதியிருப்பார்.

இங்கேதான் அந்தப் புத்தகம் எனக்கு ஒரு கேள்வியாக மாறுகிறது. சாவகாசம் என்பது யாருடைய உழைப்பு? திசையில்லாமல் சுற்றுவதற்குப் பலகை வேண்டும், பாலம் வேண்டும், சொன்ன நேரத்துக்கு ரயில் வேண்டும், இரவு பத்து மணிக்குத் தனியாக நடந்தால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை வேண்டும். சும்மா இருப்பவனைச் சுமக்கிற யந்திரம் சும்மா இருப்பதில்லை. ஜெர்மனியில் வேலை செய்யும் நம்மாட்கள் எழுதும் பயணக் குறிப்புகளில் முக்கால்வாசி இந்த யந்திரத்தைப் பற்றிய தோத்திரம்தான்: சுத்தம், ஒழுங்கு, நேரம். அதில் பொய்யில்லை. விசா, பதிவு, காப்பீடு என்று எல்லாம் எழுதிவைத்த விதிப்படி நடப்பது வெளியூரிலிருந்து வந்தவனுக்குப் பெரிய பாதுகாப்பு. யார் தெரியும், யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி இல்லாத கவுண்டரில் நிற்பதன் நிம்மதி நம்மைவிட யாருக்குத் தெரியும்? அதனால்தான் ஒழுங்கைக் கேலி செய்யும் ஓர் ஆங்கிலேயரின் புத்தகத்தை நாம் கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டியிருக்கிறது.

ஜெரோமின் கேலி வெறும் கேலியாக நிற்கவில்லை. கருங்காட்டு உணவகங்களையும் பெரியவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பெஞ்சையும் சொல்லிச் சிரிக்க வைத்தவர், ஜெர்மன் மாணவர்கள் வாள்சண்டையில் முகத்தைக் கிழித்துக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றிய அத்தியாயத்தில் சிரிப்பை நிறுத்திவிடுகிறார். ரத்தத்தையும் தையலையும் பார்க்கிறவனுக்குள் ஒரு மிருகம் விழிக்கிறது என்று தன்னையும் சேர்த்தே சொல்கிறார். கடைசி அத்தியாயத்தில் முழுதாகவே நிதானமாகிறார். ஜெர்மானியன் ஆளப்படுவதில் திருப்தி அடைகிறவன், போலீஸ்காரன் அவனுக்குச் சிறு தெய்வம், கடமை என்பது அவனுக்குச் சொன்னதைச் செய்வது. இதுவரை நன்றாக ஆளப்பட்டிருக்கிறான். அந்த ஆட்சியந்திரத்தில் ஏதாவது கோளாறு வந்தால்தான் அவனுடைய கஷ்டகாலம் ஆரம்பிக்கும் என்கிறார். இதை எழுதிய வருடம் 1900.

பலரும் இந்த இடத்தைக் காட்டி ஜெரோமைத் தீர்க்கதரிசி ஆக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில், 'நன்றாக ஆளப்பட்ட' என்பது யாருடைய கணக்கு? 1878 முதல் 1890 வரை சோஷலிஸ்டுகளின் கட்சியையும் பத்திரிகையையும் தடை செய்யும் சட்டம் அங்கே இருந்தது. அந்தத் தொழிலாளிகளை ஜெரோம் சந்திப்பதில்லை. அவர் சந்திப்பது விடுதிக்காரர்களையும் போலீஸ்காரர்களையும். இரண்டாவது, யந்திரம் என்று அவர் ஜெர்மனியைச் சொல்லும்போது பிரிட்டன் போயர் யுத்தத்தில் இருந்தது. அதே யுத்தத்தில் போயர் பெண்களையும் குழந்தைகளையும் முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். அதே 1900இல் நம்மூரில் போலீஸ்காரனைக் கண்டு ஒதுங்கி நின்றவனும் ஓர் யந்திரத்தின் முன்தான் நின்றான். அந்த யந்திரத்தை ஓட்டியவர் ஜெரோமின் நாட்டுக்காரர். கீழ்ப்படிதல் ஜெர்மானியரின் பிறவிக்குணம் என்று சொல்வது சுலபம். அப்படிச் சொன்னால் சொல்கிறவர் தப்பித்துக்கொள்ளலாம். இந்த இடத்தில் ஜெரோமின் பார்வை அவர் வர்க்கத்தையும் பாஸ்போர்ட்டையும் தாண்டவில்லை.

ஆனாலும் யந்திரம் என்ற படிமம் மட்டும் கெட்டிக்காரத்தனமான படிமம். அதில் ஒரு திருத்தம் வேண்டும். அவர் பயந்தது யந்திரம் பழுதாவதைப் பற்றி. பிறகு நடந்தது அதைவிட மோசம்: யந்திரம் பழுதாகவில்லை. நான் வேலை செய்யும் துறையில் இதைத் தினமும் பார்க்கிறோம். நின்றுபோகும் நிரலால் ஆபத்து குறைவு. தப்பான உத்தரவைப் பிழையே இல்லாமல் நிறைவேற்றுகிற நிரல்தான் பயங்கரம்.

இதை டான்யூப் பள்ளத்தாக்கிலேயே பார்க்கலாம். ஜெரோம் புகழ்ந்த அந்த ஆற்றுத் துண்டுக்குச் சில கிலோமீட்டர் மேலே, பீடபூமியில் ஷ்டெட்டன் என்ற ஊருக்கு அருகே ஹாய்பெர்க் ராணுவப் பயிற்சித்தளம் இருக்கிறது. ஹிட்லர் பதவிக்கு வந்த இரண்டாம் மாதமே, 1933 மார்ச்சில், அங்கே வதைமுகாம் திறந்தார்கள். நாஜிகளின் முதல் முகாம்களில் அதுவும் ஒன்று. கம்யூனிஸ்டுகள், சோஷலிஸ்டுகள், தொழிற்சங்கக்காரர்கள். போருக்குப் பிறகு சோஷலிஸ்ட் கட்சியின் தலைவரான குர்ட் ஷூமாகர் அங்கே அடைபட்டிருந்தார். கீழே ஆறு வளைந்து போகும் பாதையில் சைக்கிளில் போகிறவன் கண்ணுக்கு அது தெரியாது. மேலே ஏற வேண்டும். ஏற்றத்தில் சாவகாசக்காரர்கள் ஏறுவதில்லை.

பள்ளத்தாக்கின் முடிவில் சிக்மாரிங்கன். ஆற்றின்மேல் பாறையில் ஹோஹன்ஸோலர்ன் குடும்பத்தின் அரண்மனை; படங்களில் பார்த்தால் பொம்மைபோல இருக்கும். 1944 செப்டம்பரில் பிரான்ஸிலிருந்து துரத்தப்பட்ட விஷி அரசை, பெத்தான், லவால் உட்பட, ஜெர்மானியர்கள் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். 1945 ஏப்ரல் வரை ஆட்சி செய்ய நாடில்லாத ஓர் அரசு இந்த அரண்மனையில் இருந்தது. அவர்களோடு வந்தவர் லூயி ஃபெர்டினான் செலின்: பெரிய நாவலாசிரியர், மருத்துவர், யூத வெறுப்பை அச்சில் கக்கியவர். அந்த மாதங்களை வைத்து 1957இல் அவர் 'ஒரு கோட்டையிலிருந்து இன்னொன்று' என்ற பொருள்படும் தலைப்பில் நாவல் எழுதினார். அரண்மனையின் தாழ்வாரங்கள், ஓட்டலில் பொங்கி வழியும் கக்கூஸ், சொறியும் பசியுமாக அகதிகள். ஜெரோமின் அழகான பட்டியல் இந்த நாவலின் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் செலினிடம் அழுக்கு இருக்கிறது, பொறுப்பு இல்லை. எல்லோரும் நாறுகிறார்கள் என்று காட்டுவதன் மூலம் தன் நாற்றத்தைக் கரைத்துக்கொள்கிறார். அவர் மொழியின் வேகத்தில் மயங்கும் வாசகன் இந்தத் தந்திரத்தைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவதாக, த்ரியெஸ்தே நகரத்து எழுத்தாளர் க்ளௌதியோ மாக்ரிஸ் 1986இல் எழுதிய 'டான்யூப்'. ஊற்றிலிருந்து கருங்கடல் வரை. டோனாஎஷிங்கனா ஃபுர்ட்வாங்கனா, எது உண்மையான ஊற்று என்ற சண்டையில் தொடங்கி, டான்யூப் ஒரு குழாயிலிருந்து வருகிறது என்ற கோட்பாடு வரை முதல் பக்கங்கள் ஜெரோமுக்கு நிகரான நகைச்சுவை. சிக்மாரிங்கனில் செலினைப் பற்றியும் நியாயமாகப் பேசுகிறார். ஜெரோம் தவறவிட்ட எல்லாமே இவரிடம் உண்டு. ஆனால் இங்கே வேறு சிக்கல். ஒவ்வொரு ஊரும் ஒரு புத்தகத்தின் அடிக்குறிப்பாகிவிடுகிறது. அவருடைய ஊர்களில் செத்துப்போன எழுத்தாளர்கள்தான் குடியிருக்கிறார்கள். டிக்கெட் கிழிப்பவர், குழந்தை வண்டி தள்ளுகிறவர், அபராதம் எழுதும் போலீஸ்காரர் யாரும் இல்லை. ஜெரோம் அவர்களைத்தான் பார்த்தார். அரசு என்பது அரண்மனையில் இருப்பதில்லை, பூங்காவின் பெஞ்சில் ஒட்டிய அறிவிப்பில் இருக்கிறது என்பதைக் கண்டவர் அவர்தான்.

டான்யூபில் இன்னும் கீழே போனால், வடக்கிலிருந்து க்ரோஸே லௌட்டர் என்ற சிற்றாறு வந்து சேரும். குடும்பத்தோடு சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குப் பிடித்த பள்ளத்தாக்கு அது. புல்வெளி, கோட்டை இடிபாடுகள், தெளிந்த தண்ணீர். அதில் புட்டன்ஹவுசன் என்று ஒரு கிராமம். 1787இல் ஊர்ப் பிரபு கொடுத்த பாதுகாப்புக் கடிதத்தின் பேரில் யூதர்கள் குடியேறி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊரில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஆனார்கள். 1938 நவம்பரில் அவர்களுடைய தொழுகைக்கூடத்தை எரித்தார்கள். இப்போது குன்றின்மேல் யூத மயானமும், பழைய பள்ளிக்கூடத்தில் ஒரு சிறு அருங்காட்சியகமும் உண்டு.

இதே ஊரில் 1875இல் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தவர் மத்தியாஸ் எர்ஸ்பெர்கர். 1918 நவம்பர் 11 அன்று ஜெர்மனியின் சார்பில் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டவர். 1921 ஆகஸ்ட் 26 அன்று, கருங்காட்டில் பாட் க்ரீஸ்பாஹ் அருகே, விடுமுறையில் நண்பரோடு நடந்துபோய்க்கொண்டிருந்தபோது வலதுசாரித் தீவிரவாதிகள் இருவர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஜெரோமின் மூவரும் சுற்றிய அதே மலைகள். அதுவும் ஒரு பும்மல்தான்; கிளம்பிய இடத்துக்குத் திரும்பவில்லை.

லௌட்டர் தோன்றும் பக்கத்திலேயே, மலைமேல் கிராஃபனெக் என்ற கோட்டை. ஊனமுற்றோர் இல்லமாக இருந்ததை 1939இல் அரசு எடுத்துக்கொண்டது. 1940 ஜனவரி முதல் டிசம்பர் வரை அங்கே 10,654 பேரை விஷவாயுவால் கொன்றார்கள். எல்லோரும் மனநோயாளிகள், ஊனமுற்றவர்கள். முறை என்னவென்றால் படிவம். ஒவ்வொரு மருத்துவமனையும் படிவம் நிரப்பி அனுப்பும். நோயாளியைப் பார்க்காத நிபுணர்கள் காகிதத்தில் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போடுவார்கள். சாம்பல் நிறப் பேருந்து வரும். கிராஃபனெக்குக்கெனத் தனிப் பதிவு அலுவலகமே இருந்தது. குடும்பத்துக்குப் பொய்யான நோயின் பெயரோடு ஆறுதல் கடிதம் போகும். எதிலும் கோளாறு இல்லை. ஜெரோமின் பெஞ்சும் பலகையும் முத்திரையும் எந்தத் தடையும் இல்லாமல் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. இன்று அது மறுபடியும் ஊனமுற்றவர்களும் மனநோயாளிகளும் வசிக்கும் இல்லம். கூடவே நினைவிடம்.

மெதுவாகப் போனால் நிறையத் தெரியும் என்று சைக்கிள்காரர்கள் சொல்வோம். ஜெரோமை இந்தப் பள்ளத்தாக்குகளின் பக்கத்தில் வைத்து வாசித்தபின் அதை அப்படியே ஏற்க முடியவில்லை. மெதுவாகப் போகிறவனுக்குப் பூ தெரியும், பறவை தெரியும், பலகை தெரியும். பலகை சொல்லாதது தெரியாது. அதற்கு இறங்க வேண்டும், மேடு ஏற வேண்டும், கேட்க வேண்டும், படிக்க வேண்டும். நியாயமாகச் சொன்னால், ஜெர்மானியர்களே இப்போது அந்த இடங்களுக்கும் பலகை வைத்திருக்கிறார்கள். அதுவும் ஒழுங்குதான், நல்ல ஒழுங்கு. ஜெரோமின் கேலியில் இந்த வகை ஒழுங்குக்கு இடமில்லை என்பது அவருடைய குறை என்பதைவிட அவருடைய காலம்.

ஆக, 'பும்மல்' சிதறிய புத்தகம்தான். முதல் நான்கு அத்தியாயங்களை வேகமாகப் புரட்டலாம். டான்யூப் பத்தியைத் தாண்டிப் போனாலும் நஷ்டமில்லை. ஆனால் ஓடையை ஒழுங்கு செய்யும் பகுதி, காசு கொடுத்துச் சட்டத்தை மீறும் பகுதி, வாள்சண்டை அத்தியாயம், கடைசி அத்தியாயம் ஆகிய நான்கையும் சேர்த்து வாசித்தால், ஒழுங்கை நேசிக்கும் நம் மாதிரி ஆட்களுக்கு எழுதிய புத்தகம்போலத் தோன்றும். ஜெரோம் ஜெர்மானியர்களை வெறுத்து இதை எழுதவில்லை; அவர்களை அவருக்கு ரொம்பப் பிடிக்கும் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. பதினான்கு வருடத்தில் யுத்தம் வந்தபோது, ஐம்பது வயதைக் கடந்த அந்த மனிதர் பிரெஞ்சுப் படையின் ஆம்புலன்ஸ் ஓட்டப் போனார். தான் சைக்கிளில் சுற்றிய நாட்டின் பீரங்கிகள் கிழித்த உடம்புகளை ஏற்றி இறக்கும் வேலை. அதற்குப் பிறகும் அவர் எழுதினார், ஆனால் அந்த மூவரையும் மறுபடி எங்கேயும் அனுப்பவில்லை.